படம் பார்க்க இருள் வேண்டும்

இணுவில் கந்தசுவாமி கோவில் வீதியில், திருவிழாக் காலப் பகல்களில், கமராவின் திரையை உள்ளங்கையால் மறைத்துக் குனிந்து பார்க்கும் இளைஞர்கள் பலரைக் காண்கிறேன். எடுத்த படம் சரியா என்று பார்க்க வெயில் விடுவதில்லை. ஒளியால் உண்டாகும் படத்தைச் சரிபார்க்க இருள் தேவைப்படுவது இன்று நேற்று வந்த சிக்கல் அன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெட்டிக் கமராவின் பின்புறத்தில் தேய்த்த கண்ணாடி ஒன்று இருந்தது. காட்சி அதில் தலைகீழாக விழும். வெளியொளி பட்டால் மங்கிவிடும். எனவே படப்பிடிப்பாளர் கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு, உருப்பெருக்குக் கண்ணாடியால் கூர்மையைச் சோதித்தார். ஆயினும் அவர் கண்டது எடுக்கப்போகும் காட்சியையே. எடுத்த படத்தை அன்று.

எடுத்த படத்தைக் களத்திலேயே காணும் வாய்ப்பை, பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் 1851 இல் வெளியிட்ட ஈரத்தட்டு முறை தந்தது. பூச்சு உலருமுன் தட்டைக் கழுவவேண்டும் என்பதால், வெளியூர் செல்வோர் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்து சென்றனர். 1870களின் தொடக்கத்தில் அநுராதபுரத்து இடிபாடுகளை ஜோசப் லோட்டன் படமாக்கியது இம்முறையிலேயே. சுமை பெரிது. ஆனால் பிழை தெரிந்தால் அங்கேயே மறுபடி எடுக்கலாம்.

1871 இல் மடொக்ஸ் அறிவித்த உலர்தட்டும், பின்வந்த படச்சுருளும் கூடாரத்தை ஒழித்தன. உடனே பார்க்கும் வசதியும் அதனோடு போயிற்று. அதன்பின் துணையாக வந்தது ஒளிமானி. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வருவது தடுக்கப்பட்டிருந்தது. பழைய செலினிய ஒளிமானிக்கோ பற்றரி வேண்டியதில்லை; அதன்மேல் விழும் ஒளியே அதனை இயக்கும்.

எட்வின் லாண்ட் 1947 இல் காட்டிய உடனடிப் படமுறை, தொழில்முறைப் படப்பிடிப்பாளருக்கு முன்சோதனைக் கருவியாயிற்று. 1995 இல் கசியோ நிறுவனம் திரையோடு கூடிய டிஜிற்றல் கமராவை விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தனர். அன்று படச்சுருளில் பதிந்த காட்சி எதுவாயினும், கழுவும்வரை அது பதிந்ததா என்பது எடுத்தவருக்கே தெரியாது. மறுபடி எடுக்கக்கூடிய நாளுமன்று அது.

இன்று திரைமேல் பொருத்தும் கறுப்பு மறைப்பும், கண்ணோடு அணைத்துப் பார்க்கும் வில்லைக் குழலும் கடைகளில் கிடைக்கின்றன. பழைய கறுப்புத் துணியின் வழித்தோன்றல்களே இவை. வெயிலில் திரை மங்கித் தெரிவதால் சரியான படமும் இருண்டதாகத் தோன்றும். அப்போது ஒளிப்பரம்பல் வரைபடத்தையும் பார்ப்பது நன்று. செய்திப் படம் எடுக்கும் இளையோருக்கு நான் சொல்வது ஒன்றே: நிகழ்வு கலையுமுன் பாருங்கள். வீட்டுக்குப் போய்க் காணும் பிழையைத் திருத்த எவராலும் இயலாது.