அழுத்தக் காலுறைகள்: அணியும் முறையும் பராமரிப்பும்

தியாகராய நகரின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரிவோர் பலர் நாளின் பெரும்பகுதியை நின்றவாறே கழிக்கின்றனர். நெடுநேரம் நிற்கும்போது, இதயத்திற்குத் திரும்ப வேண்டிய இரத்தம் கால் சிரைகளில் தேங்குகிறது. இதனால் வீக்கமும் வலியும் உண்டாகின்றன. நாளடைவில் சிரைகள் புடைத்துச் சுருளக்கூடும். இதனை ‘நரம்புச் சுருட்டல்’ என்பர். எனினும் பாதிக்கப்படுவது நரம்பன்று, இரத்தக் குழாயே. நின்றே பணிபுரிவதால் விளையும் உடல்நலக் கேட்டைக் கருதி, தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கடை ஊழியர்களுக்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கியது.

இடையிடையே அமர்வதோடு, மருத்துவர் பரிந்துரைக்கும் அழுத்தக் காலுறையும் துணைபுரியும். அது கணுக்காலில் மிகுதியாகவும், மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் அழுத்தி, இரத்தம் மேல்நோக்கிச் செல்ல உதவுகிறது. புடைத்த சிரையை அது குணப்படுத்தாது. அணிந்திருக்கும் வரையே பயன் தரும்.

வாங்குவதற்கு முன்

கால் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கு இக்காலுறை தீங்கு விளைவிக்கலாம். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தோர், இதயச் செயலிழப்பு உள்ளோர், காலில் புண் அல்லது தோல் தொற்று உள்ளோர் மருத்துவரின் ஆலோசனையின்றி அணியக் கூடாது. கணுக்கால், கெண்டைக்கால் ஆகியவற்றின் சுற்றளவை, வீக்கம் குறைந்திருக்கும் காலை வேளையில் அளந்து, பொருந்தும் அளவை வாங்க வேண்டும்.

அணியும் முறை

1. காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன்பே அணியவும்.
2. கொலுசு, மெட்டி, மோதிரம் ஆகியவற்றைக் கழற்றவும். நகங்களைச் சீராக வெட்டியிருக்கவும்.
3. கால் ஈரமின்றி இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், களிம்பு ஆகியவற்றை இரவில் கழற்றிய பின் தடவவும்.
4. காலுறையைக் குதிகால் வரை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, பாதத்தை நுழைக்கவும். குதிகால் சரியாகப் பொருந்திய பின், சிறிது சிறிதாக மேலே ஏற்றவும். ரப்பர் கையுறை அணிந்தால் பிடிமானம் கிடைக்கும்.
5. சுருக்கங்களை நீவிவிடவும். மேல் விளிம்பை ஒருபோதும் மடித்துவிடக் கூடாது. மடிப்பு கயிறு போல் இறுக்கி, இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

மருத்துவர் வேறு விதமாகக் கூறாவிடில், உறங்கும் முன் கழற்றிவிடவும்.

பராமரிப்பு

சென்னையின் வெப்பத்தில் வியர்வை மிகுதியாதலால், நாள்தோறும் துவைப்பது நன்று. மென்மையான சோப்பைப் பயன்படுத்தவும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுற்றி அழுத்தி நீரை அகற்றி, நிழலில் உலர்த்தவும். நேரடி வெயிலும் இஸ்திரிப் பெட்டியின் சூடும் மீள்தன்மையைக் கெடுக்கும். இரண்டு இணைகள் இருந்தால் மாற்றி மாற்றி அணியலாம். ஏறத்தாழ ஆறு மாதங்களில் புதியன வாங்க வேண்டும்.

உடனே கவனிக்க வேண்டியவை

விரல்கள் நீலமாகவோ வெளிறியோ மாறினாலும், மரத்துப்போனாலும், வலி மிகுந்தாலும் காலுறையைக் கழற்றி மருத்துவரை அணுகவும். உணர்ச்சி குறைந்தவர்களின் கால்களைப் பராமரிப்போர் நாள்தோறும் பார்வையிட வேண்டும். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் தோன்றினால், அது இரத்த உறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 108ஐ அழைக்கவும்.

எங்கு அணுகலாம்?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதியினர் முதலில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். தேவைப்படின், இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் இரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவில் மேல் சிகிச்சை பெறலாம்.