தோட்டத்து ஆசிரியரின் தனிமை

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் மாணவர் தொகையையும் கணக்கிடுவர். அங்குப் பணியாற்றிய ஆசிரியரின் தனிமையைக் கருதியோர் சிலரே.

ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. கற்பிக்கத் தகுந்தவரைத் தேடுவதோ எளிதாயில்லை. கங்காணியோ கிராணியோ, ஓரளவு படித்த தொழிலாளியோ அப்பொறுப்பை ஏற்றார். ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் பால்மரங்களுக்கிடையே ஒரே கொட்டகையில் பல வகுப்புகளையும் ஒருவரே நடத்தும் நிலை இருந்தது. மாணவனுக்கு ஐயம் எழுந்தால் ஆசிரியரைக் கேட்பான். ஆசிரியர் யாரைக் கேட்பார்?

போருக்குப் பின் பட்டணங்களில் நடைபெற்ற வார இறுதிப் பயிற்சி வகுப்புகள் இக்குறையை ஓரளவு போக்கின. அங்குக் கற்ற பாடத்தினும், அடுத்த தோட்டத்து ஆசிரியரைக் கண்டு பேசியதே பெரும்பயன் எனலாம். 1950-51இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பில் ஆசிரியர்களும் பங்குகொண்டனர். எழுதியனுப்பியோரைத் தரம் பிரித்து அவ்வகுப்பு ஊக்குவித்தது. அக்காலத்து இணையம் அஞ்சற்பையே.

1983இல் தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, பயிற்றுத் துணைப்பொருள்களை ஆசிரியரே ஆக்க வேண்டியதாயிற்று. ஆசிரியர் நடவடிக்கை மையங்கள் அதற்கு இடமளித்தன.

பின்னர்க் கணினி வந்தது. ஒரு வியப்பான தடையையும் உடன் கொணர்ந்தது. முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்த முரசு மென்பொருள் மலேசியாவில் தமிழ்த் தட்டச்சுக்கு வழிகோலியது. ஆயினும், வேறு நிறுவனங்களின் எழுத்துருக்கள் தத்தம் குறியீட்டு முறையைப் பின்பற்றின. ஒரு பள்ளியில் தட்டச்சிட்ட வினாத்தாள், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு பள்ளியின் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. தமிழாசிரியர் இருவர் தமிழிலேயே ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாமற் போன விந்தை அது! 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றபோதிலும், அது பள்ளிக் கணினிகளை வந்தடையப் பல்லாண்டுகள் ஆயின. அதன் பின்னரே பாடத்திட்டமும் பயிற்சித்தாளும் சிதையாமல் தோட்டம் விட்டுத் தோட்டம் சென்றன.

2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டு சூன் திங்களில் கல்வி அமைச்சு 'டெலிமா' என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கிற்று. அதற்குச் சற்று முன் அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எக்கருவியும் இல்லை எனத் தெரிந்தது. தந்தையின் கைப்பேசி ஒன்றே உள்ள வீட்டில், அவர் செம்பனைக் காட்டினின்று திரும்பிய பின்னரே பிள்ளைக்குப் பாடம். ஆசிரியர்கள் புலனக் குழுக்களில் பயிற்சிகளைப் பகிர்ந்து, அவற்றை அச்சிட்டு வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தனர். ஒருவரின் சந்திப்பிழை பத்துப் பள்ளிகளுக்குப் பரவியதும் உண்டு. அதைச் சுட்டிக்காட்ட மறுபுறம் ஒருவர் இருந்தார் என்பதும் உண்மை.

மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததால் மாணவர் குறைந்த தோட்டப்பள்ளிகள் பல. முப்பதுக்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளில் ஈராண்டு வகுப்புகளை ஒன்றிணைக்கும் முறை உள்ளது. ஒரே வேளையில் இரண்டாம் ஆண்டுக்கு வாய்பாடும் முதலாம் ஆண்டுக்கு உயிரெழுத்தும் கற்பிக்கும் ஆசிரியர், அன்று மாலை புலனக் குழுவில் தம்மைப் போன்ற இன்னொருவரைத் தேடுகிறார்.