குசாட்சு: ஜப்பானிய மலையூரில் வெந்நீர்க் குளியலுக்குப் போகுமுன்

தோக்கியோவுக்கு வடமேற்கே, குன்மா மாநிலத்து மலைகளுக்கிடையே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குசாட்சு. நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைவிடச் சற்றுத் தாழ்வுதான். ஆனால் குளிர் வேறு வகை. டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் பனியில் நடக்கத் தயாராகப் போக வேண்டும்.

ஊரின் நடுவே கடைத்தெரு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெந்நீர் வயல் இருக்கிறது. யுபாத்தாகே என்ற பெயருக்கே 'வெந்நீர் வயல்' என்பதுதான் பொருள். அங்கே நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர் வெந்நீர் பொங்கி, வரிசையாக அமைத்த மரத்தொட்டிகளில் ஓடி, கீழே அருவியாக விழுகிறது. ஊர் முழுவதற்கும் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல். இயந்திரம் வைத்து இறைக்காமல் தானாகவே பொங்கும் வெந்நீரின் அளவில் ஜப்பானில் முன்னணியில் இருப்பது இந்த ஊர்.

ஜப்பானிய மொழியில் வெந்நீருக்கு 'யு' என்று தனிச்சொல்லே உண்டு. குளிர்ந்த நீர் 'மிசு'. நமக்கு வெம்மை சேர்ந்தால்தான் நீர் வெந்நீராகும். அவர்களுக்கு அது வேறு பொருளாகவே தோன்றியிருக்கிறது. 'ஒன்சென்' என்ற சொல்லை 'வெப்பச் சுனை' என்று எழுதினால் பொருள் அப்படியே வந்துவிடும். எதை ஒன்சென் என்று அழைக்கலாம் என்பதற்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஊற்று 25 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அல்லது சட்டம் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவில் கலந்திருக்க வேண்டும்.

தண்ணீரல்ல, அமிலம்

சுங்கை கிளாவிலோ செம்பவாங்கிலோ கால் நனைத்த அனுபவத்தை வைத்துக் குசாட்சுவை எடைபோட முடியாது. இங்கே ஊற்றுநீரின் பி.எச். அளவு 2-ஐ ஒட்டியது. ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பால் உறைய ஆசிட் கலந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. இந்த ஊற்றுநீரில் போட்ட இரும்பு ஆணி சில நாளிலேயே ஊசிபோல மெலிந்துவிடும். ஊற்றுகள் கலக்கும் ஆற்றில் மீன் வாழ முடியவில்லை, பாலத்துக்குப் போட்ட சிமெண்டும் நிற்கவில்லை என்பதால், 1964 முதல் அந்த ஆற்றில் சுண்ணாம்புக் கரைசலை இரவு பகல் நிற்காமல் கலந்துவருகிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பில்லாத வேலை. படியும் கசடைத் தடுத்து நிறுத்தக் கீழே ஓர் அணையும் கட்டியிருக்கிறார்கள். குளியலறைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணிகள் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். எனக்கு ஊரிலேயே வியப்பான செய்தி இதுதான்.

ஆகவே நகையைக் கழற்றுங்கள். வெள்ளிக் கொலுசும் வெள்ளி அரைஞாணும் கந்தகத்தில் கறுத்துவிடும். 916 தங்கத்திலும் செம்போ வெள்ளியோ கலந்திருப்பதால் நிறம் மங்க வாய்ப்புண்டு. தாலியைக் கழற்றுவதில்லை என்று இருப்பவர்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நெஞ்சுக்குக் கீழே, இடுப்பளவு நீரில் உட்கார்ந்துகொண்டால் போதும். அப்படிக் குளிப்பது ஜப்பானியர்களிடமும் உள்ள வழக்கமே. கைக்கடிகாரத்தையும் மூக்குக் கண்ணாடியையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. முகத்தை இந்த நீரில் கழுவாதீர்கள், கண் எரியும். சவரம் செய்த அன்று குளித்தாலும் எரிச்சல் தெரியும். மென்மையான தோல் உள்ளவர்கள் வெளியே வந்ததும் சாதாரண நீரை ஊற்றிக்கொள்ளலாம்.

ஊற்று 50 பாகைக்கு மேல் வருகிறது. சில ஊற்றுகள் 90-ஐயும் தாண்டும். பச்சைத்தண்ணீர் கலந்தால் மருந்துக் குணம் குறையும் என்று கருதிய ஊரார், நீண்ட பலகைகளால் நீரைக் கிண்டிக் கிண்டி ஆற்றும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு யுமோமி என்று பெயர். பெண்கள் பாட்டுப் பாடியபடி ஒரே தாளத்தில் பலகையைத் திருப்பும் காட்சி இன்று யுபாத்தாகே பக்கத்திலுள்ள கூடத்தில் கட்டணக் காட்சியாக நடக்கிறது. நாற்று நடும்போது பாடிய பாட்டையும் மேடையில்தான் கேட்கிறோம் இப்போது, அதுபோலத்தான்.

கூச்சமும் ஒழுங்கும்

நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: உடுப்பில்லாமலா குளிக்க வேண்டும்? ஆம். பொதுக் குளத்தில் நீச்சலுடைக்கும் கைலிக்கும் பொதுவாக அனுமதியில்லை. ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள். வாசலில் தொங்கும் திரை ஆண்களுக்குப் பெரும்பாலும் நீலம், பெண்களுக்குச் சிவப்பு. சில விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் அறைகளை மாற்றிவிடுவார்கள். நேற்றுப் போன வாசல்தானே என்று நுழைந்துவிட வேண்டாம், திரையைப் பாருங்கள். பிள்ளைகள் எதிர்பாலர் பகுதிக்குள் போவதற்கான வயது வரம்பு குறித்த அரசு வழிகாட்டி 2020-இல் மாறியது. ஏறத்தாழ ஏழு வயதாகிவிட்டால் மகன் அப்பாவோடுதான் போக வேண்டும்.

உள்ளே போனதும் முதலில் உட்கார்ந்து உடம்பை நன்றாகக் கழுவ வேண்டும். குளம் அழுக்குப் போக்கும் இடமல்ல. கழுவிய உடம்போடு சூட்டில் அமரும் இடம். தலையில் எண்ணெய் வைத்திருந்தால் ஷாம்பு போட்டுப் போக்கிவிட்டு இறங்குங்கள். நீண்ட கூந்தலைக் கொண்டையாகத் தூக்கிக் கட்ட வேண்டும். முடி நீரில் படக்கூடாது. கையில் கொடுக்கும் சிறு துண்டை நீரில் நனைக்காமல் தலையில் வைத்துக்கொள்வதோ கரையில் வைப்பதோ வழக்கம். சத்தம் போட்டுப் பேசுவதும் கைப்பேசியை உள்ளே கொண்டுபோவதும் கூடவே கூடாது. மாதவிலக்கு நாட்களில் பொதுக் குளத்தைத் தவிர்ப்பது அங்கும் முறை.

பச்சை குத்தியவர்களுக்குச் சிக்கல் உண்டு. ஜப்பானில் அது நெடுங்காலம் குற்றக் கும்பல்களின் அடையாளமாக இருந்தது. 2015-இல் ஜப்பானியச் சுற்றுலாத் துறை எடுத்த ஆய்வில், பதில் சொன்ன விடுதிகளிலும் குளியல் கூடங்களிலும் பாதிக்கு மேல் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்று தெரிவித்தன. கையில் அம்மாவின் பெயரோ தோளில் வேலும் மயிலுமோ இருக்கும் நம் இளைஞர்கள் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது. சிறியதாக இருந்தால் ஒட்டுப்பட்டையால் மறைக்க அனுமதிக்கும் இடங்கள் உண்டு.

எவ்வளவு சொன்னாலும் கூச்சம் போகாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பல விடுதிகளில் குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் ஒதுக்கும் தனிக் குளியலறை கிடைக்கும். யுபாத்தாகே ஓரத்தில் இலவசமாகக் கால் நனைக்கும் தொட்டியும் உண்டு. பாட்டி சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்தால் போதும்.

ஊருக்குள் ஏறத்தாழ இருபது சிறிய பொதுக் குளியலறைகள் இருக்கின்றன. அவை ஊரார் தாங்களே பராமரித்துத் தினமும் குளிப்பவை. பயணிகளுக்குத் திறந்துவிட்டவை ஷிராஹாத்தா-நோ-யு, சியோ-நோ-யு, ஜிசோ-நோ-யு ஆகிய மூன்று. கட்டணம் இல்லை, சோப்பும் ஷவரும் இல்லை. மற்றவை திறந்திருந்தாலும் நுழையக்கூடாது. சூடு தாங்குமா என்று அஞ்சுகிறவர்கள் கட்டணம் செலுத்தி ஓத்தாக்கி-நோ-யு கூடத்துக்குப் போகலாம். அங்கே வெவ்வேறு சூட்டில் பல தொட்டிகள் இருப்பதால் குறைந்த சூட்டிலிருந்து தொடங்கலாம். சைனோகாவாரா பூங்காவிலுள்ள பெரிய திறந்தவெளிக் குளத்தில், பனி விழும்போது கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருக்கலாம்.

உடல்நிலை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம்மிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் பயணத்துக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். குளிரில் நடுங்கிவிட்டுச் சட்டென்று சூட்டில் இறங்குவது முதியவர்களுக்கு ஆபத்து. ஜப்பானிலேயே குளிர்காலத்தில் குளியல் தொட்டியில் மயங்கி இறக்கும் முதியவர்கள் பலர். முதலில் வாளியால் காலிலிருந்து மேலாக ஊற்றிக்கொண்டு, முதல் தடவை மூன்று நிமிடத்தோடு எழுந்துவிடுங்கள். குடித்துவிட்டுக் குளிக்காதீர்கள்.

போக்குவரத்தும் சாப்பாடும்

மலேசிய மின்கடப்பிதழும் சிங்கப்பூர்க் கடப்பிதழும் வைத்திருப்பவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா செல்லலாம். தோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் நாகானோஹாரா-குசாட்சுகுச்சி வரை ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்; அங்கிருந்து பேருந்தில் 25 நிமிடம். ஷின்ஜுக்குவிலிருந்து நேரடிப் பேருந்தில் போனால் சுமார் நான்கு மணி நேரம். ஒரு எச்சரிக்கை: கியோத்தோவுக்கு அருகில் குசாட்சு என்ற பெயரிலேயே வேறொரு நகரமும் ரயில் நிலையமும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது குன்மா மாநிலம் என்று சொல்லுங்கள்.

விடுதியில் கொடுக்கும் யுகாத்தா அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி கட்ட வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. இரவு உணவு ஆறு மணிவாக்கில் தொடங்கிவிடும். தாமதமாகப் போனால் கிடைப்பது கடினம். சைவர்களுக்குப் பெரிய தொல்லை, காய்கறிக் குழம்பிலும் சோபா நூடல்ஸ் சாற்றிலும் கலந்திருக்கும் மீன்சாறு. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். மீனும் மீன்சாறும் கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சொல் 'கியூனிகு'. சிவப்புப் பயறு பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த மாஞ்சு தெருவெங்கும் கிடைக்கும், நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு.

பின்னாலிருக்கும் மலை உயிருள்ள எரிமலை. 2018 ஜனவரி 23-இல் மோத்தோ-ஷிரானே முன்னறிவிப்பின்றி வெடித்து, பனிச்சறுக்குத் தளத்தில் இருந்த படைவீரர் ஒருவர் உயிரிழந்தார். மேலே போகும் எண்ணமிருந்தால் அன்றைய எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஊரின் மறுபக்கம்

காதல் நோயைத் தவிர எல்லா நோயையும் குசாட்சு நீர் தீர்க்கும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. 1876-இல் தோக்கியோவில் மருத்துவம் கற்பிக்க வந்த ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பேல்ஸ், இந்த நீரையும் மலைக் காற்றையும் மெச்சி உலகுக்குச் சொன்னார். சைனோகாவாரா பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அந்த நம்பிக்கையோடு வந்தவர்களில் தொழுநோயாளிகளும் இருந்தார்கள். அவர்களுக்கென்று யுனோசாவா என்ற பகுதி ஒதுக்கப்பட்டது. அங்கே அவர்கள் வீடு கட்டி, கடை நடத்தி, மணம் முடித்து வாழ்ந்தார்கள். ஆங்கிலேயப் பெண்மணி மேரி கார்ன்வால் லீ அங்கு மருத்துவமனையும் பள்ளியும் நடத்தினார். பிறகு அரசு கட்டாயத் தனிமைப்படுத்தலைக் கொண்டுவந்தது. 1932-இல் ஊருக்கு வெளியே குரியு ராக்குசென்-என் காப்பகம் திறக்கப்பட்டது. 1941-இல் யுனோசாவா கலைக்கப்பட்டது. 1930-இல் தொடங்கிய சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பை அறிந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. உறவினரை அங்கே விட்டுவிட்டு வந்த கதைகளும் பூச்செடி வாங்கப் போகும் இன்றைய தலைமுறைக்குத் தெரியாமல் கிடக்கின்றன.

குசாட்சுவில் நடந்தது அதிலும் கொடியது. நாடெங்கும் உள்ள காப்பகங்களில் அடங்காதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட நோயாளிகள், விசாரணை இல்லாமல் இங்கே ஓர் இருட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 1938 முதல் 1947 வரை அடைக்கப்பட்டவர்கள் 93 பேர். கணப்பு இல்லாத அறை, அரை வயிற்று உணவு. அவர்களில் 23 பேர் இறந்தார்கள். தனிமைப்படுத்தும் சட்டம் 1996-இல்தான் நீக்கப்பட்டது. 2001-இல் குமாமோத்தோ நீதிமன்றம் அது அரசின் தவறு என்று தீர்ப்பளித்தது.

அந்தச் சிறையின் அடித்தளக் கற்கள் காப்பக வளாகத்தில் இன்றும் இருக்கின்றன. அறைகளை அதே அளவில் மீண்டும் கட்டிக் காட்டும் ஜூக்கான்போ அருங்காட்சியகம் 2014-இல் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. யுபாத்தாகேயிலிருந்து நடந்து போக முடியாத தொலைவு என்பதால் டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும். பனிக்காலத்தில் திறந்திருக்கும் நாளை விடுதியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.