எறும்புக்கு வைத்த தண்ணீர்

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பலகாரம் வைக்கிற அலமாரி, பால் சட்டி வைக்கிற மேசை, இவற்றின் கால்களை ஆளுக்கொரு கிண்ணத்தில் நிறுத்தி, கிண்ணத்தில் தண்ணி ஊற்றி வைப்போம். எறும்பு ஏறாது. காசு செலவில்லாத வழி. யாரும் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இதே மாதிரித் தண்ணிக் கிண்ணம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் சாவுக்குத் துணை போனது. நடந்த சங்கதி. கேளுங்கள்.

வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் சேருகிற இடத்தில் பனாமா என்று ஒரு தேசம். உலகப் படத்தில் பார்த்தால் இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு போட்ட மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல். நடுவில் நிலம் சுமார் 80 கிலோமீட்டர்தான். அதை வெட்டிவிட்டால் கப்பல்கள் தென் அமெரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். சூயஸ் கால்வாயை வெட்டி 1869-ல் திறந்த லெஸ்ஸெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர், இதையும் வெட்டிவிடுகிறேன் என்று கம்பெனி ஆரம்பித்தார். 1881-ல் வேலை தொடங்கியது. 1889-ல் கம்பெனி திவால். நடுவில் செத்த ஆட்கள் 20,000-க்கு மேல் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். மண் சரிந்து செத்தவர்கள் கொஞ்சம். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் கொண்டு போனவர்கள்தான் அதிகம்.

மஞ்சள் காய்ச்சல் என்றால் நம்ம ஊர் மஞ்சள் காமாலை இல்லை. அது வேறு. கடும் காய்ச்சல் வந்து, கண்ணும் உடம்பும் மஞ்சள் பூத்து, கறுப்பாக வாந்தி எடுத்து ஒரு வாரம் பத்து நாளில் ஆள் போய்விடுவான். கால்வாய் வேலைக்குத் தலைமைப் பொறியாளராக 1883-ல் டாங்லே என்பவர் குடும்பத்தோடு வந்தார். குடிகாரனும் ஒழுக்கம் கெட்டவனும்தான் இந்தக் காய்ச்சலில் சாகிறான் என்று அவர் பேசியதாகச் சொல்வார்கள். பாவம், அவருடைய மகள், மகன், மனைவி மூவரும் அடுத்தடுத்து அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். ஒழுக்கத்துக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வந்தவனைக் குற்றவாளியாக்குகிற பேச்சு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அங்கே அங்கோன் என்ற குன்றின் மேல் பிரெஞ்சுக்காரர்கள் நல்ல ஆஸ்பத்திரி கட்டியிருந்தார்கள். கன்னிமார்கள் நோயாளிகளைக் கண் போலப் பார்த்துக்கொண்டார்கள். சுற்றிலும் அழகான பூந்தோட்டம். அந்தச் சீமையில் எறும்புத் தொல்லை மிக அதிகம். இலையை வெட்டி வெட்டிச் சுமந்துகொண்டு போகும் எறும்பு, ஒரு ராத்திரியில் செடியை மொட்டையாக்கிவிடும். அதனால் செடியைச் சுற்றி வட்டமான மண் தொட்டி வைத்து அதில் தண்ணி நிறைத்தார்கள். நோயாளியின் மேல் எறும்பு ஏறக்கூடாது என்று கட்டில் கால்களையும் தண்ணிக் கிண்ணத்தில் நிறுத்தினார்கள். ஜன்னலுக்கு வலை கிடையாது. கால் முறிந்து வந்தவன், வயிற்றுவலி என்று வந்தவன், அங்கே படுத்திருந்தபடியே மஞ்சள் காய்ச்சல் பிடித்துச் செத்தான். அவன் கட்டிலுக்கு அடியிலேயே கொசு வளர்ந்துகொண்டிருந்தது. அன்பினால் ஊற்றிய தண்ணி அது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொசுவால் காய்ச்சல் வரும் என்று அப்போது உலகத்தில் யாரும் நம்பவில்லை. கெட்ட காற்று, அழுகிய குப்பை, இதுதான் காரணம் என்று படித்த டாக்டர்களே சொன்னார்கள். ஒரே ஒருவர் மட்டும் மாறிப் பேசினார். கியூபா தீவில் ஹவானா நகரத்து டாக்டர், பெயர் கார்லோஸ் ஃபின்லே. பனாமாவில் வேலை தொடங்கிய அதே 1881-ல், வீட்டுக்குள் தண்ணியில் வளரும் ஒருவகைக் கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது என்று அவர் சபையில் எடுத்துச் சொன்னார். சிரித்தார்கள். கொசு டாக்டர் என்று கேலி பேசினார்கள். அவராலும் அதைச் சரியாக நிரூபிக்க முடியவில்லை. காரணம் பின்னால்தான் தெரிந்தது. நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்தவனுக்கு நோயைக் கொடுக்காது. கிருமி அதன் உடம்பில் வளர ஏறக்குறைய 12 நாள் வேண்டும். ஃபின்லே இரண்டு மூன்று நாளிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார். நாற்று முளைக்கும் முன்னே மண்ணைக் கிளறி விதை பொய் என்று சொல்லலாமா? அந்த மாதிரி ஆகிவிட்டது.

இதற்கிடையில் 1897-ல் நம் நாட்டில், செகந்திராபாத்தில், ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். அதன் பிறகு கொசுப் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

1899-ல் ஹவானா அமெரிக்க ராணுவத்தின் கைக்கு வந்தது. கார்காஸ் என்ற டாக்டர் சுகாதாரப் பொறுப்பேற்று ஊரையே கழுவித் துடைத்தார். தெருக் குப்பை போயிற்று, சாக்கடை சுத்தமாயிற்று. வேறு பல நோய்கள் குறைந்தன. மஞ்சள் காய்ச்சல் மட்டும் குறையவில்லை. 1900-ல் 310 பேர் செத்தார்கள். சுத்தமான தெருவில், வசதியான வீட்டில் இருந்தவர்களுக்கும் வந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கொசு என்றால் சாக்கடை என்றுதான் நமக்கும் நினைப்பு. இந்தக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நாம் குடிக்க வைத்திருக்கிற தெளிந்த தண்ணிதான் பிடிக்கும்.

அதே 1900-ல் வால்டர் ரீட் என்பவர் தலைமையில் ஒரு டாக்டர் குழு ஹவானாவுக்கு வந்தது. ஃபின்லே தாமே கொசு முட்டைகளைக் கொடுத்து உதவினார். குழுவில் இருந்த லேசியர் என்ற டாக்டர் கொசு கடித்து, செப்டம்பர் மாதம் செத்தே போனார். அவர் பெயரால் ஊருக்கு வெளியே ஒரு முகாம் போட்டு இரண்டு குடிசை கட்டினார்கள். ஒன்றில் கொசு புகாமல் அடைத்துவிட்டு, மஞ்சள் காய்ச்சலில் கிடந்தவர்களின் அழுக்குத் துணி, வாந்தி பட்ட போர்வை இவற்றைக் கொண்டுவந்து போட்டார்கள். மூன்று பேர் அதன் மேலேயே 20 ராத்திரி படுத்தார்கள். நினைத்தாலே குமட்டுகிறது இல்லையா? ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு குடிசை பளிச்சென்று சுத்தம். நடுவில் கம்பி வலை கட்டி இரண்டாகத் தடுத்தார்கள். ஒரு பக்கம் நோயாளியைக் கடித்த கொசுக்களை விட்டார்கள். கொசு இருந்த பக்கம் போனவருக்குக் காய்ச்சல் வந்தது. வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சுகமாக இருந்தார்கள். அத்தோடு அழுக்குத் துணி வாதம் முடிந்தது.

கார்காஸுக்கு முதலில் இதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் 1901 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கினார். வீடு வீடாக ஆட்கள் போனார்கள். பீப்பாய், தொட்டி, குடம், பூச்சட்டி எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தார்கள். கூத்தாடிப் புழு நெளிகிற தண்ணி இருந்த இடங்கள் சுமார் 26,000 என்று கணக்கு வந்தது. ஒரே ஊரில்! மழைத்தண்ணி பிடிக்கும் பீப்பாய்க்கு மூடி போட்டு, தண்ணி இறங்கும் ஓட்டைக்கு வலை வைத்து, எடுக்கிறதற்கு அடியில் குழாய் பொருத்தினார்கள். மூடியைத் திறக்கவே வேலையில்லை. மூட முடியாத இடத்தில் மேலாக மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அது ஏடாகப் படர்ந்தால் புழு மூச்சு விட மேலே வர முடியாது. புழு வைத்திருந்த வீட்டுக்காரருக்கு அபராதம். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், எங்கள் வீட்டுக்குள் நீ யார் வருவதற்கு என்று சண்டை போட்டார்கள். 1901-ல் சாவு 18. 1902-ல் ஒருவர்கூட இல்லை.

பனாமாக் கால்வாயை 1904-ல் அமெரிக்கர்கள் கையில் எடுத்தபோது கார்காஸையே அனுப்பினார்கள். அங்கே மேலதிகாரிகள் அவர் பேச்சை எடுக்கவில்லை. கொசு வலைக்குப் பணம் கேட்டால் வீண் செலவு என்றார்கள். 1905-ல் காய்ச்சல் வெடித்ததும் வெள்ளைக்கார ஊழியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி ஓடினார்கள். பிறகு வந்த ஸ்டீவன்ஸ் என்ற தலைமைப் பொறியாளர்தான், கால்வாய் வேலை நின்றாலும் சரி, முதலில் கொசுவைப் பார் என்று ஆளும் பணமும் கொடுத்தார். பனாமா நகரத்துக்குக் குழாய்த் தண்ணி வந்தது. வீட்டில் பீப்பாய் வைக்கிற அவசியமே குறைந்தது. 1905 நவம்பரோடு அந்த நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் நின்றது. 1914-ல் கால்வாயில் கப்பல் போயிற்று. மலேரியாவை மட்டும் அவரால் அடியோடு ஒழிக்க முடியவில்லை, குறைக்கத்தான் முடிந்தது. அந்தக் கொசு காட்டிலும் வாய்க்காலிலும் குட்டையிலும் முட்டை வைக்கும். வீட்டைப் பார்த்தால் மட்டும் போதாது.

பனாமா எங்கே, நம்ம ஊர் எங்கே என்று கேட்பீர்கள். மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கொசு இருக்கிறது. ஏடிஸ் என்று பெயர். கறுப்பு உடம்பில் வெள்ளை வரி, காலிலும் வெள்ளை வளையம். பகலில் கடிக்கும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காப் பக்கம் அந்தக் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் தடுப்பூசிச் சீட்டு கேட்பது இதனால்தான். கொசு ஏற்கனவே நம் வாசலில் காத்திருக்கிறது, கிருமி வந்து இறங்கிவிடக் கூடாது.

அதே கொசுதான் நமக்கு டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொடுக்கிறது. சிக்குன்குனியா 1964-ல் சென்னையில் பரவியது. பிறகு பல வருஷம் பேச்சே இல்லாமல் இருந்து, 2006-ல் தமிழ்நாடு முழுக்க ஆட்களை மூட்டு மூட்டாக முடக்கிப் போட்டது. அந்தப் பெயரே, வளைந்து மடங்கிப் போவது என்று பொருள்படும் ஓர் ஆப்பிரிக்கச் சொல். நடவு நேரத்தில் வந்தால் குனியவும் முடியாது, நிமிரவும் முடியாது. டெங்கு 2012-ல் திருநெல்வேலிப் பக்கம் உயிர்களையே கொண்டு போயிற்று. கடையநல்லூர்ப் பெயர் அப்போது தினமும் பேப்பரில் வந்தது.

இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. சுமார் 100 மீட்டருக்குள்தான் அதன் நடமாட்டம். உங்களைக் கடிக்கிற கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், வீடு மெழுகும்போதே தண்ணியெல்லாம் கொட்டிவிட்டால் புழு கொசுவாகாது.

எங்கே பார்ப்பது? கொல்லைப்புறத்தில் மாட்டுத் தொட்டி, கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டி, மழை தேங்கிய ஆட்டுரல், கொட்டாங்கச்சி, டிராக்டரின் பழைய டயர், உரம் வந்த பிளாஸ்டிக் வாளி. வீட்டுக்குள் சிமென்ட் தொட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு. பிறகு அந்த அலமாரிக் கால் கிண்ணம். அதில் தண்ணிக்குப் பதில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் எறும்பும் ஏறாது, கொசுவும் முட்டை வைக்காது.

வெறுமனே கொட்டினால் மட்டும் பத்தாதுங்க. இந்தக் கொசு தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணி வற்றினாலும் முட்டை சாகாது. பல மாதம் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும். கோடையில் கவிழ்க்காமல் விட்ட தொட்டியில் ஐப்பசி மழைக்குக் கொசு வருவது இப்படித்தான். ஆகவே தேங்காய் நார் போட்டு உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். புகை அடிக்கிறார்களே என்று சும்மா இருக்காதீர்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தொட்டியில் ஒட்டிய முட்டையை ஒன்றும் செய்யாது.

ஊராட்சியிலிருந்து டார்ச் விளக்கோடு வந்து தொட்டியைப் பார்க்கிறேன் என்று கேட்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். ஹவானாவில் 1901-ல் வீடு வீடாகப் போனவர்கள் செய்ததும் இதே வேலைதான். நம் மாகாணத்தில் 1939-ல் வந்த பொது சுகாதாரச் சட்டத்திலேயே, கொசு வளர்கிற மாதிரி தண்ணியைத் தேங்க விடக்கூடாது என்று இருக்கிறது. புரட்டாசி பிறந்ததும், மழை இறங்கும் முன்பாக, ஒருமுறை கொல்லையைச் சுற்றி வந்து தொட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். டயரை மழை படாத இடத்துக்குத் தள்ளுங்கள். தள்ள இடமில்லை என்றால் மண் போட்டு நிரப்பி ஒரு கீரை விதையைத் தூவுங்கள்.