நிலம் உன்னுடையது, மான் உன்னுடையது இல்லை

நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "அமெரிக்காவில் விவசாயிகள் மானுக்காகவே பயிர் போடுறாங்களாமே, நிஜமா?"

நிஜம்தான். விஸ்கான்சின், மிச்சிகன், டெக்சாஸ் பக்கம் நிறைய குடும்பங்கள் நிலத்தில் ஒரு மூலையை ஒதுக்கி குளோவர், டர்னிப் எல்லாம் விதைக்கிறார்கள். அறுவடை கிடையாது. மான் வந்து மேயணும், சீசன் வந்ததும் அதைச் சுடணும். அவ்வளவுதான். நம்ம ஊரில் புள்ளிமானைச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டப்படி ஜெயில். காட்டோரத்து விவசாயி ராத்திரி முழுக்க டப்பா தட்டி அதை விரட்டுகிறார். அங்கே அதே மாதிரி ஒரு மானை விருந்துக்கு அழைக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள 1896-க்குப் போகணும். அந்த வருஷம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கீர் எதிர் கனெக்டிகட் வழக்கில், காட்டு விலங்குகள் அந்த மாநில மக்களின் பொதுச் சொத்து என்று சொன்னது. 1979-ல் அந்தத் தீர்ப்பு மாறினாலும், அடிப்படைக் கருத்து மாநிலச் சட்டங்களில் அப்படியே நிற்கிறது. அதாவது, உன் வயலில் நிற்கிற மான் உன்னுடையது இல்லை. ஆனால் உன் அனுமதி இல்லாமல் வயலுக்குள் வந்து யாரும் அதைச் சுடவும் முடியாது. மானுக்கு ஒரு ஓனர், அது சாப்பிடுகிற புல்லுக்கு வேற ஓனர். எங்க ஆபீஸில் இப்படி ஒரு சிஸ்டத்தை டிசைன் பண்ணிக் கொண்டுபோனால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க.

இந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஆல்டோ லியோபோல்ட். 1909-ல் அரிசோனாவில் வனத்துறை வேலைக்குச் சேர்ந்தார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்று நம்பி, ஓநாய்களைச் சுட்டவர். பிறகு விஸ்கான்சினுக்கு வந்தார். 1931-ல் ரைலி என்ற சின்ன ஊரில் விவசாயிகளோடு பேசி ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார். நிலம் விவசாயிகளுடையது, பறவைக்கும் தீனிக்கும் செலவு டவுன்காரர்களுடையது, வேட்டை இரண்டு தரப்புக்கும். வேட்டைக்காரனை விரட்டிக்கொண்டே இருந்த விவசாயிக்கு, முதல் தடவையாக விலங்கை வளர்க்க ஒரு காரணம் கிடைத்தது. எனக்கு அவருடைய புத்தகங்களைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

1935-ல் விஸ்கான்சின் ஆற்றோரம், மண் செத்துப்போன ஒரு பண்ணையை வாங்கினார். அங்கே இருந்த கோழிக்கொட்டகைதான் குடும்பத்துக்கு வார இறுதி வீடு. மனைவியும் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் பைன் கன்றுகள் நட்டார்கள். முதல் சில வருஷம் வறட்சியில் பெரும்பாலும் கருகிப்போச்சு. மறுபடி நட்டார்கள்.

இதற்கிடையில் மான் கதை தலைகீழாகிக்கொண்டிருந்தது. 1900 வாக்கில் நாடு முழுக்க வெள்ளைவால் மான் சில லட்சம்தான் மிச்சம். கறிக்கும் தோலுக்கும் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். அதனால் பல மாநிலங்கள் கொம்புள்ள ஆணை மட்டும் சுடலாம், பெண் மானைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டன. சட்டம் வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. ஓநாயும் இல்லை, பெண் மானைச் சுடுவதும் இல்லை என்றால் எண்ணிக்கை எங்கே நிற்கும்? ஆடு கடிச்ச வேலி பார்த்திருப்பீங்க இல்லையா, ஒரு உயரம் வரைக்கும் இலையே இருக்காது. வடக்கு விஸ்கான்சின் காடுகளில் சீடார் மரங்கள் அப்படித்தான் நின்றன. வாய்க்கு எட்டாத உயரத்தில் பச்சை, கீழே வெறும் குச்சி. பனிக்காலத்தில் முதலில் சாவது எட்டாத குட்டிகள்.

1943-ல் லியோபோல்ட் மாநில வனவிலங்குக் கமிஷனில் உறுப்பினரானார். பெண் மானையும் சுட அனுமதிக்கணும் என்று வாதாடினார். அந்த வருஷம் முதல் நான்கு நாள் ஆண் மானுக்கு, சின்ன இடைவெளி, அடுத்த நான்கு நாள் கொம்பில்லாத மானுக்கு என்று சீசன் விட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் மான்கள் விழுந்தன. மாநிலமே கொந்தளித்தது. அவரைத் திட்டுவதற்காகவே ஒரு பத்திரிகை ஓடியது. கமிஷன் பின்வாங்கி, மறுபடி ஆண் மான் மட்டும் என்றது. 1948 ஏப்ரலில் பக்கத்து நிலத்துத் தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பில் அவர் இறந்தார். பெண் மான் வேட்டை திரும்பி வந்தது 1949-ல்.

அப்புறம் 1975-ல் டெக்சாஸில் ஆல் பிரதர்ஸ், மர்ஃபி ரே என்ற இரண்டு உயிரியலாளர்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். இளம் ஆணை விட்டுவிடு, பெண் மானைப் போதுமான அளவு எடு, தீனியை கவனி என்பது அதன் சாரம். லியோபோல்ட் கெஞ்சியும் கேட்காதவர்கள், பெரிய கொம்பு கிடைக்கும் என்றதும் கேட்டார்கள். மனுஷங்க அப்படித்தான். ஆனால் ஒரு மான் பல நூறு ஏக்கரில் சுற்றும். குடும்ப நிலமோ எண்பது, நூறு ஏக்கர். நீ விட்ட இளம் ஆணை வேலி தாண்டினதும் பக்கத்துக்காரன் சுடுவான். அதனால் பக்கத்து நிலக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். ரைலியில் போட்ட அதே கணக்கு.

அந்த ரைலி இருக்கும் டேன் கவுண்டியிலேயே 2002 பிப்ரவரியில், வேட்டையில் விழுந்த மூன்று மான்களுக்கு மூளையை அரிக்கும் நோய் இருப்பது தெரிந்தது. மான்கள் ஓரிடத்தில் கூடினால் வேகமாகப் பரவும், மருந்தே இல்லாத நோய். நோய்ப் பகுதியில் இருக்கும் மான்களை முடிந்தவரை மொத்தமாகச் சுட்டுவிடுங்கள் என்று நிலக்காரர்களிடம் அரசு கேட்டது. மான் பொதுச் சொத்து, சரி. ஆனால் சுடணும் என்றால் நிலத்துக்குள் போகணும். பல குடும்பங்கள் கேட்டைத் திறக்கவில்லை.