அம்பின் முனையைக் கையால் மூடுதல்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் அமைந்த பிள்ளைப்பாக்கத்தை இன்று பலரும் சிப்காட் தொழிற்பூங்கா ஒன்றின் பெயராகவே அறிவர். அவ்வூருக்கு ஓர் ஏரி உண்டென்பதும், அதன் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்றடைந்து சென்னை மாநகரின் தாகம் தீர்க்கிறது என்பதும் அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. மழைக்காலம் ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் அவ்வேரிக் கரையில் நாம் நின்றிருந்தோம். உடன் வந்தவர் அருகிலுள்ள தொழிற்சாலையொன்றில் பணியாற்றும் இளைஞர். மார்க்கக் கல்வியும் சிறிது பயின்றவர். நீரோரத்தில் நின்ற கொக்குகளைக் கண்டதும், வேட்டை பழக விரும்புவோர் இந்நாட்டில் எங்கே தொடங்க வேண்டும் என்று வினவினார்.

தொடங்குவதற்கே வழியில்லை என்று விடையிறுத்தோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991-இல் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை இந்திய மண்ணிலிருந்து அறவே நீக்கிவிட்டன. அவர் விடவில்லை. “அப்படியானால் நம் ஃபிக்ஹு நூல்கள் ஒவ்வொன்றிலும் வேட்டைக்கென ஒரு பாடம் இருக்கிறதே, அதை ஏன் இன்னும் ஓதுகிறோம்?” என்றார். இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து பிறந்தது.

அப்பாடத்தை நாம் பெரும்பாலும் இறைச்சியின் பாடமாகவே படித்து வந்திருக்கிறோம். எது ஆகும், எது ஆகாது என்பதோடு நம் ஆர்வம் அடங்கிவிடுகிறது. ஆனால் அதற்கு அடிப்படையான நபிமொழிகள் எவ்வாறு பிறந்தன என்று நோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. அவை ஒரு மாணவரின் கேள்விகளுக்கு அளிக்கப்பட்ட விடைகள். அம்மாணவர் கொடையால் புகழ்பெற்ற ஹாதிம் தாயியின் மகனார் அதீ (ரலி). ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டளவில் மதீனா வந்து இஸ்லாத்தைத் தழுவிய அவர், தய்யி குலத்தின் தலைவர். வேட்டையில் பழுத்த கை. எனினும் புதிதாகத் தொடங்குபவரைப் போல ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பழக்கிய நாயை ஏவினேன், அது கொன்றுவிட்டால்? அது தானே சிறிது தின்றுவிட்டால்? நான் ஏவாத வேறு நாய்களும் உடன் சேர்ந்துகொண்டால்? அம்பு பட்ட விலங்கு ஒருநாள் கழித்துக் கிடைத்தால்? நீரில் விழுந்து கிடந்தால்?

இவற்றுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடைகளின் ஊடாக ஒரே இழை ஓடுவதைக் காணலாம். நாய் தின்றிருந்தால் உண்ணலாகாது. அது தனக்காகவே பிடித்திருக்கக் கூடும். பிற நாய்கள் கலந்திருந்தால் உண்ணலாகாது. இறைபெயர் சொல்லி ஏவப்பட்டது உன் நாய் மட்டுமே. உன் அம்பின் தடம் தவிர வேறு தடம் இல்லையெனில் உண்ணலாம். நீரில் கிடந்ததாயின் விட்டுவிடு. கொன்றது நீரா, உன் அம்பா என்பதை நீ அறியாய். ‘நீ அறியாய்’ என்பதே இங்குச் சட்டத்தின் அச்சாணி. கையை விட்டு அம்பு பறந்தபின் நடந்தது அனைத்துக்கும் எய்தவன் கணக்குக் கொடுக்க வேண்டும். கணக்குத் தெரியாத இடத்தில் கைவைக்கலாகாது.

பழக்கிய விலங்கு என்பதற்கும் இலக்கணம் வகுக்கப்பட்டது. நாய் இரையைத் தின்னாமல் விடுவதும், வல்லூறு அழைத்தவுடன் திரும்புவதும் பயிற்சியின் அடையாளங்கள் என்பது ஹனஃபி நூல்கள் கூறும் வேறுபாடு. நாய் தொடர்ந்து மூன்றுமுறை தின்னாது விட்டால் தேறியதாகக் கொள்வர். பறவையை அடித்துப் பழக்க இயலாது; ஆகவே அதனிடம் திரும்பி வருதல் ஒன்றே போதும் என அவர்கள் கூறும் காரணம், பழக்குவோரிடம் கேட்டறிந்து எழுதியதுபோல் இருக்கிறது.

இனி மனிதரின் பாதுகாப்புக்கு வருவோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1949-இல் இளம் வேட்டைக்காரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பின்னர் அது பிற மாநிலங்களுக்கும் பரவியது. அங்கே முதல் வகுப்பில் கற்பிக்கப்படுபவை நான்கைந்து விதிகளே. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருது. அதன் வாயை எவர் பக்கமும் திருப்பாதே. சுடும் கணம்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதற்கப்பால் இருப்பது எது எனத் தெரிந்துகொண்டபின் சுடு. இவ்விதிகளைப் படிக்கும் நம் வாசகருக்குப் பழகிய குரல் ஒன்று செவியில் விழாமல் இராது. தன் சகோதரனை நோக்கி எவரும் ஆயுதத்தை நீட்டலாகாது, ஷைத்தான் கையை நழுவச் செய்துவிடக்கூடும் என்னும் கருத்தில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நபிமொழி உண்டு. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது அபூமூஸா (ரலி) அறிவிப்பது. விளையாட்டாக நீட்டினாலும், கவனமின்றிச் சுமந்தாலும் குற்றமே. எண்ணம் நல்லதாயிருந்தது என்னும் சமாதானத்துக்கு இங்கு இடமில்லை.

விரலிடுக்கில் கல்லை வைத்துச் சுண்டி எறிவதையும் பெருமானார் தடுத்தார்கள். அக்கல் இரையையும் வீழ்த்தாது, பகைவனையும் காயப்படுத்தாது; கண்ணைப் பறிக்கும், பல்லை உடைக்கும். தம் உறவினர் ஒருவர் தடையைக் கேட்டபின்னும் அவ்வாறே எறியக் கண்டு, அவரோடு பேசுவதையே விட்டுவிடுவதாக அப்துல்லாஹ் இப்னு முகஃப்ஃபல் (ரலி) சினந்தார். உண்டிக்கோலுடன் ஏரிக்கரையில் அலையும் சிறுவர்களை நம் ஊர்களில் எவர் இப்படிக் கடிந்துகொள்கிறார்? பறவையொன்றைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிய குறைஷி இளைஞர்கள், இப்னு உமர் (ரலி) வருவதைக் கண்டு சிதறியோடிய செய்தியும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. உயிருள்ளதை இலக்காக்கிக் கைபழகுதல் பயிற்சியாகாது என்பது அதன் தெளிவு.

துப்பாக்கி வந்தபோது அறிஞர்கள் திகைத்தனர் என்றே சொல்ல வேண்டும். ‘புந்துக்’ என்னும் அரபுச் சொல் முதலில் ஒருவகைக் கொட்டையையும், அதன் உருவொத்த களிமண் உண்டையையும் குறித்தது. அவ்வுண்டையை எறியும் வில்லுக்குத் தமிழிலும் உண்டைவில் என்னும் நேர்ச்சொல் இருப்பது சுவையானது. பின்னர் அப்பெயரே துப்பாக்கிக்கு ஆகி, உருதுவில் ‘பந்தூக்’ ஆயிற்று. உண்டை கிழிப்பதில்லை, நசுக்குகிறது. எனவே அதனால் இறந்தது அடிபட்டுச் செத்ததன் வகை என்பது பழைய தீர்ப்பு. ஈயக் குண்டுக்கும் அத்தீர்ப்பையே ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் பொருத்தினார். உயிர் பிரியுமுன் அறுத்தால் மட்டுமே ஆகும். மாலிகி அறிஞர் சிலரும் யமன் நாட்டு ஷவ்கானியும் குண்டு உடலைத் துளைக்கிறது என்று கூறி ஆகுமென்றனர். எம்முடிவைக் கொண்டாலும், எய்தவன் ஓடிச்சென்று விலங்கின் நிலையைக் காணும் கடமை நீங்குவதில்லை.

இவ்வொழுங்கை மன்னர்கள் காத்தார்களா என்றால், தயக்கத்துடனேயே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஜஹாங்கீர் தம் பன்னிரண்டாம் வயது முதல் ஐம்பதாம் வயதுவரை நடந்த வேட்டைகளுக்குக் கணக்கெடுக்கச் செய்தார். வீழ்ந்தவை 28,532, தம் கையால் வீழ்த்தியவை 17,167. நீலான் ஒன்றைக் குறிபார்க்கையில் குதிரைச் சேவகன் ஒருவனும் சுமைதூக்கிகள் இருவரும் எதிர்ப்பட, விலங்கு ஓடிவிட்டது. சேவகனை அங்கேயே கொல்லவும் மற்ற இருவரின் குதிகால் நரம்புகளை வெட்டவும் ஆணையிட்டதை அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இலக்குக்கு அப்பால் மனிதர் இருக்கலாம் என்பது பாதுகாப்பின் முதற்பாடம். அங்கோ, குறுக்கே வந்த மனிதரே குற்றவாளி ஆயினர். அதே மன்னர் 1627-இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில், அடிபட்ட மானைத் தொடர்ந்து பாறையிலிருந்து தவறி விழுந்து இறந்த காலாள் ஒருவனுக்காக நிலைகுலைந்தார். அவன் தாய்க்கு ஈடு வழங்கினார். அடுத்த சில நாட்களில் தாமும் மறைந்தார். இரு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே அம்மன்னரை மதிப்பிட வேண்டும் என்பது நம் கருத்து.

அரசவைகளை விட்டு, நாம் நின்ற மண்ணுக்கே திரும்புவோம். பிள்ளைப்பாக்கத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கம்பெனிப் படையினர் ஓய்வுநேர வேட்டைக்கு ஏரிகளை நாடினர். இதே சீமையின் தெற்கே வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் கரைந்த ஏரிநீரே வயலுக்கு உரம் என்று அறிந்திருந்த குடியானவர்கள் அவர்கள்மீது முறையிட்டனர். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் அப்பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்ததாகவும், 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டதாகவும் அவ்விடத்து வரலாறு கூறும். அவ்வாவணத்தின் பெயர் ‘கவுல்’. சொல், வாக்கு எனப் பொருள்படும் ‘கவ்ல்’ என்ற அரபுச் சொல்லே நவாபுகளின் வருவாய்த்துறை வழியாகத் தமிழ் உழவன் நாவில் இவ்வாறு வழங்கிற்று.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் முன்பு அரிது. வேடன் வலையிற் பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டி மீள்வதற்காகப் பெருமானார் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்புகிறது. இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடரை ஹதீஸ் கலை வல்லார் ஏற்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும், ஒரு காப்பியத்தில் வேடனை இழிந்தவனாகத் தள்ளாமல், சொல்லுக்குச் செவிசாய்ப்பவனாகப் புலவர் நிறுத்தியது கருதத்தக்கது.

ஏனெனில் வேட்டையை உண்மையில் கற்றவர்கள் இச்சீமையில் வேறெவரும் அல்லர், இருளர்களே. பள்ளிக்கூடமின்றித் தந்தைக்குப் பின்னால் நடந்து, மண்ணிலுள்ள தடத்தையும் வளையின் வாயிலுள்ள வழவழப்பையும் படித்து அவர்கள் தொழில் பழகினர். வயல் எலியைப் பிடிக்க வைக்கோல் புகையும் மண்பானையை வளைவாயில் வைத்து, அடியிலுள்ள துளை வழியே வாயால் ஊதுவர். கையும் உதடும் சுடும், புகை நெஞ்சை அடைக்கும். கையால் சுழற்றி ஊதும் உலோகக் கருவி அண்மைக் காலத்தில்தான் வந்தது. தொழில் செய்பவனின் உடலைப் பற்றி யாரேனும் சிந்திக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

1970-களில் பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது அவர்கள் பிழைப்பு அற்றுப்போயிற்று. சட்டம் நல்லதே, அதன் விலையைக் கொடுத்தவர் வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொண்ட கனவான்கள் அல்லர் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பலர் அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் கொத்தடிமைகளாயினர். 1978-இல் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாற்றுவழி காட்டிற்று. அங்கு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சு எடுக்கப்பட்டு, பாம்புக்கடி மருந்து செய்வோருக்கு வழங்கப்படுகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இவற்றை நாம் கரையில் நின்று சொல்லி முடித்தபோது, அவ்விளைஞர் பாம்பைப் பிடித்தபின் என்ன செய்வார்கள் என்று கேட்டார். சில வாரங்கள் பானையில் வைத்திருந்து, இடைவெளி விட்டு நான்குமுறை நஞ்செடுப்பார்கள். பிறகு அதன் வயிற்றுச் செதில் ஒன்றைச் சிறிது கத்தரித்து அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுவார்கள். அடையாளம் ஆறுமுன் அதே பாம்பு மறுபடி கையில் சிக்கினால், அதைப் பிடிக்காமல் போகவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.