‘ரன்’ வினையின் வரலாறும் தமிழ்ப் பிறவினையும்

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களை ஏற்று வழங்கும் வினை எது என்னும் வினாவுக்கு அகராதி தந்த விடை காலத்தால் மாறியுள்ளது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் வினை ஏறத்தாழ 430 பொருள்களுடன் முதலிடம் பெற்றிருந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலாளர் ஒன்பது மாதங்களுக்கு மேல் உழைத்து, ‘ரன்’ என்னும் வினைக்கு 645 பொருள்களை வகுத்தார். 2011இல் முதலிடம் அவ்வினைக்குரியதாயிற்று.

இப்பொருட்பெருக்கத்தின் காரணங்களுள் ஒன்று அவ்வினையின் வரலாற்றிலேயே உள்ளது. பழைய ஆங்கிலத்தில் ஓடுதலைக் குறிக்க ‘ரின்னன்’ என்னும் தன்வினையும், ஓடச் செய்தலைக் குறிக்க ‘ஏர்னன்’ என்னும் பிறவினையும் தனித்தனியே வழங்கின. பின்னர் ஸ்காண்டிநேவிய இனச்சொற்களின் செல்வாக்கும் சேர, இரண்டும் ஒரே வடிவில் கலந்தன. ‘சிட்’ என்பதன் பிறவினையாகிய ‘செட்’ தனி வடிவுடன் எஞ்சியது. ‘ரன்’ வினையில் அவ்வேறுபாடு மறைந்தது. தமிழோ ஓடு–ஓட்டு, இயங்கு–இயக்கு, நட–நடத்து என அதனை வடிவிலேயே காத்து வருகிறது.

இவ்வேறுபாட்டின் பயனை மும்பையின் காட்கோபரைக் கொண்டு விளக்கலாம். 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கி.மீ. தொலைவு சென்ற இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலின் தடம் இவ்வூர் வழியே அமைந்தது. 2014 ஜூன் 8 அன்று வெர்சோவா–காட்கோபர் மெட்ரோ தொடங்கப்பெற்றது. இத்தடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவோர் ‘ரன்’ என்னும் ஒரே வினையைப் பல நிலைகளில் ஆளலாம். தமிழில் ரயில் ‘ஓடுகிறது’; ஓட்டுநர் அதை ‘ஓட்டுகிறார்’; நிறுவனம் சேவையை ‘நடத்துகிறது’; தடம் வெர்சோவாவிலிருந்து காட்கோபர் வரை ‘செல்கிறது’; வண்டி தாமதமாக ‘வருகிறது’.

காட்கோபரில் தமிழருக்கு அண்டைமொழிகளாக உள்ள மராத்தியும் இந்தியும் பிறவினை வடிவைக் காப்பதில் தமிழை ஒத்தவை. மராத்தியில் ‘சாலணே–சாலவணே’, இந்தியில் ‘சல்னா–சலானா’ என்னும் இணைகள் உள்ளன. ஆயின் அவற்றின் அடிப்பொருள் ஓடுதல் அன்று. நடத்தல், செல்லுதல் என்பதாகும். இந்தியில் கடை, கடிகாரம், திரைப்படம் ஆகிய மூன்றும் ‘சல்னா’ என்னும் ஒரே வினையை ஏற்கும். தமிழில் கடை ‘நடக்கிறது’. கடிகாரமும் படமும் ‘ஓடுகின்றன’. ஆகவே பிறவினை வடிவு பொதுவாயினும், உருவக விரிவு மொழிதோறும் வேறுபடுகிறது.

தமிழ் வினைகளின் எல்லையும் இறுக்கமானதன்று. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனாருக்குக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் பெயர் நிலைத்தது. அவர் கப்பலைச் செலுத்திய மாலுமி அல்லர். கப்பல் போக்குவரத்தை நடத்தியவர். இங்கு ‘ஓட்டு’ என்பது நிருவகித்தல் என்னும் பொருளையும் ஏற்றுள்ளது. அயல்மொழித் தூண்டல் இன்றியே தமிழ் வினை இவ்வாறு விரிதல் இயலும் என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

மொழிபெயர்ப்பாளர் இவற்றிலிருந்து பெறத்தக்க கருத்து ஒன்றுண்டு. அகராதி தரும் 645 பொருள்களுக்கும் 645 தமிழ்ச் சொற்களைத் தேடுதல் வேண்டுவதன்று. மூலத்தொடரில் செயல் தானே நிகழ்கிறதா, ஒருவரால் நிகழ்த்தப்படுகிறதா என்பதை முதலில் துணிதல் வேண்டும். ‘நாளை ரயில் ஓடாது’ என்னும் அறிவிப்பு நிகழ்வை மட்டும் கூறுகிறது. ‘நாளை ரயில் இயக்கப்படாது’ என்பதோ, பெயர் சுட்டாவிடினும், முடிவெடுத்தவர் ஒருவர் உண்டு என்பதை உணர்த்துகிறது. நடைமேடையில் காத்திருக்கும் பயணிக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆங்கில வினை வெளிப்படக் கூறாமல் விடும் பொறுப்பைத் தமிழ் வினை வடிவு கேட்டு நிற்கிறது. அவ்வினாவுக்கு விடை காணாமல் பழக்கத்தால் ஒரு சொல்லை இடுவதே ‘ரன்’ போன்ற வினைகளின் மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகளுக்கு முதற்காரணம் எனலாம்.